பஷ்தோ நெடுங்கணக்கும் எழுத்தறிவுப் பயிற்சியும்

பஷ்தோ மொழியின் நெடுங்கணக்கில் 44 எழுத்துகள் உள்ளன என்பது ஆப்கானிஸ்தானின் பாடநூல்களும் பெஷாவரின் அறிஞர்களும் இன்று பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் கணக்கு. இந்த எண் ஒரே காலத்தில் ஒருவர் கையால் அமைந்ததன்று. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த நான்கு படிவுகளின் கூட்டுத்தொகை அது. அடியில் கிடப்பவை அரபு மொழியின் 28 எழுத்துகள். அவற்றின்மேல் பாரசீகர்கள் தம் மொழிக்கெனச் சேர்த்த நான்கு, அதாவது ப, ச ஆகிய ஒலிகளுக்கும் ககரத்தின் குரலுடைய இணைக்கும் குரலுடைய ஷகரத்துக்கும் உரியவை, வந்து அமர்ந்தன. பஷ்தோவுக்கே உரிய மெய்யொலிகளுக்காக எட்டு எழுத்துகள் பின்னர்ப் படைக்கப்பட்டன. இறுதியாக, அரபில் ஒன்றாக இருந்த யே என்னும் எழுத்து ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால் மேலும் நான்கு கூடின. இந்த எழுத்துமுறை கற்கக் கடினமானதா, கடினம் எனின் அந்தக் கடினம் எந்தப் படிவில் இருக்கிறது என்ற கேள்வி மொழியியலாளரையும் பள்ளி ஆசிரியரையும் நெடுநாளாக ஈர்த்துவந்துள்ளது. எழுத்துகளின் எண்ணிக்கையைக் காட்டிப் பலரும் இதற்கு விடை கூறிவிடுகின்றனர். ஆனால் சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. பஷ்தோ எழுத்து எந்த ஒரு வட்டாரத்தாரின் பேச்சையும் அப்படியே படம்பிடிக்காமல் எல்லா வட்டாரத்தாருக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தமாக நிற்பதும், அந்த ஒப்பந்தத்தைப் பஷ்தூன் குழந்தைகளிற் பெரும்பாலோர் வேறு மொழிகளின் எழுத்துகளைக் கற்ற பின்னரே சந்திக்க நேர்வதுமே சிக்கலின் வேர்கள் என்று கொள்வது பொருத்தமாகும்.

பஷ்தோ இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளையில் கிழக்குப் பிரிவைச் சேர்ந்த மொழி. ஆப்கானிஸ்தானின் தெற்கிலும் கிழக்கிலும், பாகிஸ்தானின் கைபர் பக்துன்க்வா மாகாணத்திலும், பலூசிஸ்தானின் வடபகுதியிலும் அது வழங்குகிறது. பாகிஸ்தானின் 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் பஷ்தோவைத் தாய்மொழியாகக் கூறினர். ஆப்கானிஸ்தானில் 1979இல் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்றுபோன கணக்கெடுப்புக்குப் பின் முழுமையான கணக்கெடுப்பு எதுவும் நடைபெறாமையால் அங்குள்ளோர் தொகை மதிப்பீடாகவே நிற்கிறது. ஈரானிய மொழியாக இருந்தும் இந்தியத் துணைக்கண்டத்தோடு நெடுங்காலம் உறவாடியதன் பயனாகப் பஷ்தோவில் வளைநா ஒலிகள், அதாவது நாவின் நுனியை மேலே மடித்து அண்ணத்தில் ஒற்றி எழுப்பும் ஒலிகள், நிலைபெற்றன. அரபிலும் பாரசீகத்திலும் இல்லாத இவ்வொலிகள் தமிழருக்குப் பழக்கமானவையே. பட்டம் என்பதிலுள்ள வல்லொலி, பண்டம் என்பதிலுள்ள மெலிந்த ஒலி, பாடம் என்பதில் நா வருடிச் செல்லும் ஒலி ஆகிய மூன்றையும் தமிழ் டகரம் ஒன்றே இடம்நோக்கிச் சுமக்க, பஷ்தோ அவற்றுக்குத் தனித்தனியே மூன்று எழுத்துகளை வைத்திருக்கிறது; நான்காவதாக ணகரத்துக்கும் ஓர் எழுத்து உண்டு.

இந்த நான்கு எழுத்துகளும் உருவாக்கப்பட்ட முறை எளிமையானது. அரபின் தகரம், தகரத்தின் குரலுடைய இணை, ரகரம், நகரம் ஆகியவற்றின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் உடலோடும் ஒரு சிறு வளையம் இணைக்கப்பட்டது. உருது மொழியும் வளைநா ஒலிகளுக்கு இதே அடிவடிவங்களையே கையாண்டபோதிலும், வளையத்துக்கு மாறாக எழுத்தின் தலைமேல் தோய் என்னும் எழுத்தின் சிற்றுருவை ஏற்றிவைத்தது. ஆகவே எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்கூட ஒரு பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில், கீழே வளையங்கள் தொங்கினால் பஷ்தோ என்றும் மேலே கொம்புகள் நின்றால் உருது என்றும் அடையாளம் கண்டுவிடலாம். அச்சின் தோற்றமும் இதற்குத் துணைசெய்யும். உருது நூல்கள் சொற்கள் வலமிருந்து இடமாகச் சரிந்திறங்கும் நஸ்தாலிக் பாணியில் அச்சாக, இன்றைய பஷ்தோ நூல்கள் பெரும்பாலும் கோட்டின்மேல் நேராக அமரும் நஸ்க் பாணியில் அச்சாகின்றன.

எட்டில் எஞ்சிய நான்கு எழுத்துகளுள் இரண்டு த்ஸ என்பதற்கும் அதன் குரலுடைய இணைக்கும் உரியவை. மற்ற இரண்டு பஷ்தோவின் புகழ்பெற்ற உரசொலிகளுக்கு உரியவை. உரசொலி என்பது காற்று ஒரு குறுகிய இடுக்கின்வழி உரசிக்கொண்டு வெளியேறும்போது பிறக்கும் ஒலி. இவ்விரண்டுள் முதலாவது சீன் எழுத்தின் மூன்று பற்களுக்கு மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு புள்ளியும் இட்டு எழுதப்படுகிறது. இரண்டாவது ரே எழுத்துக்கு அவ்வாறே மேலும் கீழும் புள்ளியிட்டு எழுதப்படுகிறது. இவற்றை ஒலிக்கும் முறை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுவதால் அதைத் தனியே பார்ப்பது நலம்.

எழுத்துகளின் உருவத்தைப் பொறுத்தவரை, 44 என்ற எண் கற்பவரை அச்சுறுத்தும் அளவுக்கு உண்மையில் கனமானதன்று. அரபு எழுத்துமுறையில் அடிவடிவங்கள் சிலவே. புள்ளிகளே அவற்றைப் பல எழுத்துகளாகப் பிரிக்கின்றன. பஷ்தோவில் ஜீம் என்னும் எழுத்தின் வளைந்த வயிறு ஒன்றை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டால், வயிற்றுக்குள் ஒரு புள்ளி, மூன்று புள்ளி, தலைமேல் ஒரு புள்ளி, மூன்று புள்ளி, ஹம்ஸா என்னும் சிறு கொக்கி, ஒன்றுமில்லாமை என ஆறு எழுத்துகள் கைவந்துவிடும். படகுபோல் கிடக்கும் பே வடிவில் ஐந்து எழுத்துகளும், ரே வடிவில் ஐந்து எழுத்துகளும் இவ்வாறே அடங்கும். இதைவிடக் கவனம் கோருவது எழுத்துகள் ஒன்றோடொன்று இணையும் முறை. சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் தனித்தும் நிற்கும்போது ஓர் எழுத்தின் உருவம் மாறுகிறது. அலிஃப், தால் வடிவத்தவை மூன்று, ரே வடிவத்தவை ஐந்து, வாவ் ஆகிய பத்து எழுத்துகள் தமக்கு வலப்புறம் உள்ள எழுத்தோடு கைகோக்குமேயன்றித் தமக்கு அடுத்து இடப்புறம் வருவதோடு சேரா. இதனால் ஒரே சொல்லுக்குள்ளும் இடைவெளி விழுகிறது. புதிதாகப் படிப்பவர் அந்த இடைவெளியைச் சொல்லின் முடிவு என்று எண்ணித் தடுமாறுவதை எல்லா ஆசிரியர்களும் அறிவர்.

மொழியின் பெயரே இவற்றுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அது நான்கு எழுத்துகளால் எழுதப்படுகிறது: மூன்று புள்ளிகளைக் கீழே கொண்ட பே, பற்களுக்கு மேலும் கீழும் புள்ளி கொண்ட உரசொலி எழுத்து, இரு புள்ளிகளை மேலே கொண்ட தே, இறுதியில் வாவ். எழுதுபவர் முதலில் வலமிருந்து இடமாக ஒரே இழுப்பில் அடிவடிவத்தை வரைந்து முடித்து, பிறகே திரும்பிவந்து ஏழு புள்ளிகளையும் இடுகிறார். பே எழுத்துக்குப் பின் ஒலிக்கும் குற்றுயிர் எழுதப்படவே இல்லை. வாவ் இங்கே ஓகாரமாக ஒலிக்கிறது; வேறிடத்தில் அதுவே ஊகாரமாகவோ வகரமாகவோ ஒலிக்கலாம். நடுவிலுள்ள எழுத்தைக் கந்தஹார்க்காரர் ஷகரமாகவும் பெஷாவர்க்காரர் ககர உரசொலியாகவும் படிக்க, ஒருவர் பஷ்தோ என்றும் மற்றவர் பக்தோ என்றும் சொல்கின்றனர். எழுதப்படாத உயிர், பல ஒலிகளைச் சுமக்கும் எழுத்து, வட்டாரத்தோடு மாறும் ஒலிப்பு ஆகிய மூன்று சிக்கல்களும் இந்த ஒரு சொல்லிலேயே கற்பவர்முன் வந்து நிற்கின்றன.

பஷ்தோவுக்கெனத் தனி எழுத்துகளை முதன்முதலில் வகுத்தவர் என்று மரபு சுட்டுவது வசீரிஸ்தானத்துக் கானிகுரம் ஊரைச் சேர்ந்த பாயஸீத் அன்சாரியை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, பீர் ரோஷான் எனத் தம் அடியவரால் போற்றப்பட்டு, முகலாயப் பேரரசை எதிர்த்த ரோஷானியா இயக்கத்தைத் தோற்றுவித்த இவர் இயற்றிய கைருல் பயான், இன்று கிடைக்கும் மிகப் பழைய பஷ்தோ நூல்களுள் ஒன்று. 1651ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கைப்பிரதி ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பாதுகாக்கப்பட்டது. அவருடைய கொள்கைகளைக் கடுமையாக மறுத்த அகுந்த் தர்வேஸாவும் தம் மறுப்பை அதே பஷ்தோவில், பெரிதும் ஒத்த எழுத்துமுறையில் எழுத நேர்ந்தது. எழுத்தைப் பரப்புவதில் சமயப் பூசல்களின் பங்கு பெரிது என்பதற்கு இது ஒரு சான்று. அடுத்த நூற்றாண்டில் குஷால் கான் கட்டக், ரஹ்மான் பாபா ஆகியோரின் கவிதைத் தொகுதிகள் படியெடுக்கப்பட்டுப் பரவியபோது அந்த எழுத்துமுறையும் அவற்றோடு பரவியது. ஆயினும் எழுத்தர்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. த்ஸ என்பதையும் அதன் குரலுடைய இணையையும் பெரும்பாலான பழைய பிரதிகள் மூன்று புள்ளி கொண்ட ஒரே எழுத்தால் குறித்தன. வளைநா நகரத்தை நகரமும் ரகரமும் சேர்த்து எழுதும் வழக்கமும் இருந்தது.

அரபு எழுத்தைத் தம் மொழிக்கு இசைவாக வளைத்துக்கொள்ளும் இத்தகைய முயற்சி தமிழருக்குப் புதியதன்று என்பதை இங்கே குறிப்பிடலாம். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையின் கரையோர ஊர்கள் ஆகியவற்றில் வாழ்ந்த முஸ்லிம்கள் அரபுத்தமிழ் என்ற பெயரில் தமிழை அரபு எழுத்தில் எழுதியபோது, ட, ண, ள, ழ முதலிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின்மேல் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துப் புதிய எழுத்துகளைப் படைத்தனர். ஆனால் அரபுத்தமிழுக்கு அருகிலேயே வலுவான தமிழ் எழுத்து நின்றது. பஷ்தோவுக்கு அப்படி மாற்று ஏதும் இல்லாமையால் அந்த எழுத்தே மொழியின் ஒரே உடலாயிற்று.

19ஆம் நூற்றாண்டில் அச்சு வந்தது. வங்காளத்தின் செராம்பூரில் வில்லியம் கேரியும் தோழர்களும் நடத்திய அச்சகம் 1818இல் பஷ்தோ புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. ரஷ்யாவில் பெர்னார்டு டோர்ன் 1847இல் பஷ்தோ வாசகத் தொகுப்பு ஒன்றை அச்சிட்டார். பிரித்தானிய இந்தியப் படை அதிகாரி ஹென்றி ராவர்ட்டி 1855இல் இலக்கணத்தையும் 1860இல் அகராதியையும் கொண்டுவந்தார். எல்லைப்புறத்தில் பணியாற்றிய அதிகாரிகள் பஷ்தோத் தேர்வில் தேறவேண்டியிருந்ததால், 1872இல் வெளிவந்த கலீத்-இ-அஃப்கானி போன்ற வாசகங்கள் தேர்வுப் பாடங்களாக வைக்கப்பட்டன. பஷ்தூன் குழந்தைகளுக்கு முறையான பாடநூல்கள் கிடைக்கும் முன்னரே ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பாடநூல்கள் கிடைத்துவிட்டன என்பது வரலாற்றின் ஒரு முரண்.

எழுத்துமுறை இன்றைய வடிவத்தை எட்டியது 1930களில். ஆப்கானிஸ்தான் மன்னர் ஸாஹிர் ஷாவின் ஆட்சி 1936இல் பஷ்தோவை அரசு மொழியாக அறிவித்து, அதிகாரிகள் மூன்று ஆண்டுகளுக்குள் அம்மொழியைக் கற்கவேண்டும் என்று ஆணையிட்டது. பஷ்தோ டோலனா என்னும் அரசுக் கழகம் காபூலில் அமைந்து எழுத்தமைதியை ஒழுங்குபடுத்தும் பணியை ஏற்றது. குரலுடைய த்ஸ ஒலிக்கு ஹம்ஸா ஏற்றிய தனி எழுத்து அப்போதுதான் உறுதிப்பட்டது. இந்தச் சீர்திருத்தம் பின்னாளில் எதிர்பாராத ஓர் ஆய்வுக்குக் கருவியாயிற்று. 1944இல் அப்துல் ஹை ஹபீபி காபூலில் பட்ட கஸானா என்னும் நூலை வெளியிட்டு, அது 1729இல் கந்தஹாரில் தொகுக்கப்பட்ட பழம்புலவர் வரலாறு என்றும், அதிலுள்ள பாடல்களுள் சில 8ஆம் நூற்றாண்டுக்கு உரியவை என்றும் அறிவித்தார். பஷ்தோ இலக்கியத்தின் தொன்மையை ஒரே வீச்சில் எட்டு நூற்றாண்டு முன்னே தள்ளிய அந்நூலை ஆராய்ந்த டேவிட் நீல் மெக்கன்சி, பிரதி முழுவதிலும் குரலுடைய த்ஸ ஒலிக்கான எழுத்தும் வளையமிட்ட ணகரமும் சேர்ந்தே வருவதைச் சுட்டிக்காட்டினார். சீர்திருத்தத்துக்கு முந்திய நம்பத்தக்க பிரதி எதிலும் இவ்விரண்டும் ஒருசேர வருவதில்லை என்பதால் அந்நூல் அண்மைக்காலப் புனைவு என்பது அவர் முடிவு. ஆப்கானிஸ்தானில் இதை ஏற்காதவர் பலர். எனினும் எழுத்தின் வரலாற்றை அறிந்தவருக்கு ஒரு கொக்கியும் ஒரு வளையமும் காலக்கணக்கைக் காட்டிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எல்லையின் இருபுறத்து வழக்குகளையும் ஒன்றிணைக்கும் முயற்சிகளுள் 1990இல் பெஷாவர்ப் பல்கலைக்கழகத்தின் பஷ்தோ அகாதமி மலைவாழிடமான பாரா கலியில் கூட்டிய அறிஞர் கூட்டம் முக்கியமானது. 1955இல் தோன்றிய அந்த அகாதமியும் காபூல் அறிஞரும் அங்கே பொது எழுத்தமைதி ஒன்றுக்கு இசைந்தனர். நடைமுறையில் வேறுபாடுகள் மறைந்துவிடவில்லை. ககரத்தின் குரலுடைய இணைக்கு ஆப்கானியர் வளையமிட்ட எழுத்தை ஆள, பெஷாவரில் பாரசீகத்தாரின் இரட்டைக்கோட்டு எழுத்தே பெரிதும் வழங்குகிறது. சொல்லின் இறுதியில் வரும் அய் என்னும் ஒலிக்கு ஆப்கானியர் புள்ளியற்ற யே எழுத, பெஷாவரில் உருதுவின் பின்னோக்கி நீளும் பெரிய யே எழுதுவோர் பலர்.

வட்டார வேறுபாடுகளே இவ்வெழுத்துமுறையின் மிகச் செறிந்த பகுதி. பற்களுக்கு மேலும் கீழும் புள்ளி கொண்ட எழுத்தை, கந்தஹாரில் நாவை மடித்து எழுப்பும் ஷகரமாகவும், கஸ்னியைச் சுற்றிய நடுப்பகுதியில் அண்ணத்தோடு உரசும் மெல்லிய ஹகரம் போலவும், ஜலாலாபாத்திலும் பெஷாவரிலும் தொண்டையருகே உரசும் ககரமாகவும் ஒலிக்கின்றனர். அதன் இணையான ரே வடிவ எழுத்து தெற்கில் நாமடி உரசொலியாக, தமிழரின் ழகரத்துக்குப் பக்கத்தில் நிற்க, வடக்கில் ககரத்தின் குரலுடைய வெடிப்பொலியோடு ஒன்றிவிடுகிறது. த்ஸ எழுத்து பெஷாவரில் வெறும் ஸகரமாகிவிடுகிறது. ஆகவே பெஷாவர்க் குழந்தை தன் வாயில் ஒன்றாகிவிட்ட ஒலிகளுக்கு இரண்டு எழுத்துகளைக் கற்றாகவேண்டும்; எந்தச் சொல்லில் எது வரும் என்பதைக் காது சொல்லாது, மனப்பாடம்தான் சொல்லவேண்டும். வாழைப்பழத்தை வாளப்பளம் என்றோ வாயப்பயம் என்றோ சொல்லிக்கொண்டே ழகரத்தை இட்டு எழுதும் தமிழ்க் குழந்தையின் நிலை இதுவே.

இதைக் குறையாகக் கண்டு, ஒலிக்கு ஏற்ப எழுத்தைத் திருத்தவேண்டும் என்று கூறுவோர் உண்டு. 1959இல் மெக்கன்சி இதற்கு எதிர்த்திசையில் ஒரு கருத்தை முன்வைத்தார்: எழுத்துகள் காட்டும் வேறுபாடுகள் பழைய பஷ்தோவின் ஒலியமைப்பைப் பிரதிபலிப்பதால், எந்த வட்டாரத்தாரும் அவற்றிலிருந்து தத்தம் ஒலிப்பை வருவித்துக்கொள்ள இயலும், ஆதலால் எழுத்துமொழியே பொதுத் தரமாக நிற்கத்தக்கது. இக்கருத்தே வலுவானதாகத் தோன்றுகிறது. ஏனெனில் எழுத்திலிருந்து பெஷாவர் ஒலிப்புக்குச் செல்ல விதி உண்டு. பெஷாவர் ஒலிப்பிலிருந்து எழுத்துக்குத் திரும்ப விதி இல்லை. பேச்சுப்படி எழுதினால் வடக்கத்தியருக்கு எளிமை கிடைக்கும். தெற்கத்தியர் அந்த நூலைப் படிக்கமுடியாமற் போகும். 2010இல் பாகிஸ்தான் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்துக்குப் புதிய பெயர் சூட்டியபோது இவ்வேறுபாடு அரசு ஆவணங்களிலேயே வெளிப்பட்டது. பஷ்தோவில் அப்பெயர் பற்களுக்கு மேலும் கீழும் புள்ளி கொண்ட பொது எழுத்தால் எழுதப்பட, உருதுவில் அந்த எழுத்து இல்லாமையால் வடக்கு ஒலிப்பின்படி கே எழுத்தால் பக்துன்க்வா என எழுதப்படுகிறது. குவெட்டாவின் பஷ்தூனுக்கு உருது வடிவம் தன் வாய்க்கு ஒவ்வாத பெயராகவே தெரியும்.

ஐந்து யே எழுத்துகள் வேறு வகையான கடினத்தைத் தருகின்றன. இங்கே ஒலியைவிட இலக்கணமே முன்னிற்கிறது. களைத்துவந்தவரைப் பார்த்துப் பஷ்தூன்கள் வழங்கும் நல்வாழ்த்து ஒன்று இதைக் கண்ணெதிரே காட்டும். ஆண் ஒருவரிடம் ஸ்தடய் ம ஷே என்பர். முதற்சொல்லின் இறுதியில் புள்ளியற்ற யே, கடைசிச் சொல்லில் இரு புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் யே. பெண்ணிடம் ஸ்தடே ம ஷே என்பர். இரண்டு சொற்களிலும் நெட்டுப்புள்ளி யே. பலரிடம் ஸ்தடி ம ஷய் என்பர். முதற்சொல்லில் இரு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் யே, வினையின் இறுதியில் ஹம்ஸா ஏறிய யே. அடிவடிவம் எங்கும் மாறவில்லை. புள்ளியும் கொக்கியும் மட்டுமே பாலையும் எண்ணையும் வினைமுடிவையும் பிரித்துக்காட்டுகின்றன. ஐந்தாவதான வால்கொண்ட யே சிறுமியைக் குறிக்கும் நஜலய், முட்டையைக் குறிக்கும் ஹகய் போன்ற பெண்பாற் பெயர்களின் இறுதியில் வருவது. எழுத்தைக் கற்பிக்கும் முதல் வாரத்திலேயே ஐந்து யேக்களையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்யும் பாடநூல்கள் பயனற்றவை. பெயர்ச்சொல்லின் பாலும் எண்ணும் அறிமுகமாகும் வரை அவ்வேறுபாடுகளுக்குக் கற்பவர் மனத்தில் பிடிமானம் கிடைப்பதில்லை.

உயிரொலிகளைப் பொறுத்தவரை பஷ்தோ அரபின் சிக்கனத்தையே கைக்கொள்கிறது. ஸ்வர், ஸேர், பேஷ் என்னும் மூன்று குறிகளோடு, அகரத்துக்கும் இகரத்துக்கும் இடைப்பட்ட மங்கலான உயிருக்கெனப் பஷ்தோவில் ஸ்வரகய் என்னும் நான்காவது குறியும் உண்டு. ஆனால் இவை தொடக்கப் பாடநூல்களிலும் அகராதிகளிலும் மட்டுமே தென்படும். நாளிதழ் வாசகர் ஒரே எழுத்துக்கோவையைச் சூழல்நோக்கி மகளைக் குறிக்கும் லூர் என்றோ பக்கத்தைக் குறிக்கும் லோர் என்றோ படிக்கவேண்டும். மற்றொன்றை இதயம் என்றோ முதியவள் என்றோ படிக்கவேண்டும். சொல்லில் எந்த அசை அழுத்தம் பெறுகிறது என்பதையும் எழுத்து காட்டுவதில்லை. முன்னொட்டுப் பெற்ற வினைகளில் அழுத்தம் இடம்மாறுவதே செயல் முடிந்ததா தொடர்கிறதா என்பதைத் தெரிவிக்கிறது. தாய்மொழியாளருக்கு இது தொல்லை தராது. பிறமொழியாளருக்கோ எழுத்தைக் கற்றுமுடித்த பின்னும் நீடிக்கும் தொல்லை இதுவே. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அலுவலர்கள் பஷ்தோவில் தேர்ச்சிபெற 44 வாரம், ஏறத்தாழ 1100 வகுப்பு மணி தேவை என வகுத்திருக்கிறது. அதில் எழுத்துருவங்களுக்குச் செலவாவது சிறு பகுதியே.

கற்பவர் எந்த வழியாக இந்த எழுத்தை வந்தடைகிறார் என்பது அடுத்த கேள்வி. சிற்றூர்ப் பஷ்தூன் குழந்தை பெரும்பாலும் முதலில் சந்திப்பது பள்ளிவாசலில் முல்லா சொல்லிக்கொடுக்கும் பக்தாதி காயிதா என்னும் அரபுச் சுவடியை. எழுத்தின் பெயர், அதன்மேல் ஏறும் குறி, இரண்டும் சேர்ந்து பிறக்கும் அசை என உரத்துக் கூட்டிப் படிக்கும் அம்முறையில் குழந்தை குர்ஆனைப் பிழையின்றி ஓதும் திறனை அடைகிறது. பொருள் தெரிந்து படிக்கும் பழக்கம் அதில் எதிர்பார்க்கப்படுவதில்லை. அரபுப் பக்கத்தில் எல்லா உயிர்க்குறிகளும் இடப்பட்டிருக்கும். பஷ்தோப் பக்கத்தில் அவை இரா. ஆகவே காயிதாவில் தேறியவர் பஷ்தோ நாளிதழின் முன் திகைத்து நிற்பது இயல்பு. அடுத்து, பாகிஸ்தானில் பள்ளிக்குச் செல்லும் குழந்தை உருதுவையும் ஆங்கிலத்தையும் கற்கிறது. உருதுவைத் தடையின்றிப் படித்து எழுதும் பட்டதாரிகள் தம் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுதத் தயங்குவது பெஷாவரில் வியப்புக்குரிய செய்தியன்று. ஸகரத்துக்கு மூன்று, குரலுடைய ஸகரத்துக்கு நான்கு என அரபுக் கடன்சொற்களுக்காக நிற்கும் எழுத்துகளை அவர்கள் முன்பே அறிந்திருக்கின்றனர். அறியாதவை தம் மொழிக்கே உரிய எட்டும் நான்கு யேக்களும்தான்.

இந்த வரிசையை மாற்ற முயன்றோருள் முதன்மையானவர், தமிழர் எல்லை காந்தி என அறிந்த கான் அப்துல் கஃபார் கான். 1921இல் உத்மான்சை ஊரில் அவர் தொடங்கிய ஆசாத் பள்ளியும் அதன் கிளைகளும் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தின. 1928இல் அவர் தொடங்கிய பக்தூன் இதழ் அப்பள்ளிகளில் எழுத்தறிந்தோர்க்குப் படிக்கப் பொருள் தந்தது. எழுத்தறிவு நிலைக்க வேண்டுமெனில் படிக்க ஏதேனும் தொடர்ந்து கிடைக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அரிச்சுவடி மட்டும் அச்சிட்ட பல திட்டங்கள் அதை உணரவில்லை. ஆப்கானிஸ்தானின் 1936 ஆணை இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. பாரசீகம் பேசிய அதிகாரிகள் அலுவல்நேரப் பஷ்தோ வகுப்புகளில் எழுத்தைக் கற்றனர். அவர்களுக்கு அடிவடிவங்கள் எல்லாம் தெரிந்தவையே. எனினும் கோப்புகள் பாரசீகத்திலேயே ஓடியதால் கற்றது கையில் நிற்கவில்லை. கெடுவும் நாளடைவில் நெகிழ்ந்தது.

இன்றைய ஆப்கானிஸ்தானில் எழுத்தறிவு யுனெஸ்கோவின் 2021 மதிப்பீட்டின்படி வயதுவந்தோரில் ஏறத்தாழ 37 விழுக்காடு. பெண்களில் நான்கில் ஒருவருக்கும் குறைவு. 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி மூடப்பட்டிருப்பதால், எழுத்தை அறிந்தும் ஐந்து யேக்களின் இலக்கணத்தில் ஊன்றும் முன்னரே படிப்பு அறுபடும் தலைமுறை ஒன்று உருவாகிறது.

கற்பிக்கும் முறையில் பெரிதும் விவாதிக்கப்படுவது வரிசை. அலிஃப் முதல் யே வரை அகரவரிசைப்படி கற்பிப்பது அரபிலிருந்து வந்த பழக்கம். அதனால் ஸே, ஹே போன்று பஷ்தோச் சொற்களில் அருகியே வரும் எழுத்துகள் தொடக்கத்திலேயே வந்து நிற்க, வாவ், மீம், நூன் போன்று ஒவ்வொரு வரியிலும் வருபவை கடைசிக்குத் தள்ளப்படுகின்றன. அடிவடிவக் குடும்பங்களாகப் பிரித்துக் கற்பிப்பது கைக்கு எளிது. கண்ணுக்கு எளிதன்று, ஏனெனில் ஒன்றுபோல் தோன்றும் ஆறு எழுத்துகள் ஒரே நாளில் வந்தால் புள்ளிகள் குழம்பும். வீட்டைக் குறிக்கும் கோர், தாயைக் குறிக்கும் மோர், வேலையைக் குறிக்கும் கார் போன்ற சிறு சொற்களிலிருந்து தொடங்கி, அவற்றில் வரும் எழுத்துகளை மட்டும் முதலில் எழுதவைத்து, குடும்ப ஒப்பீட்டைப் பிறகு செய்வதே பொருத்தமான நடுவழி. வயதுவந்தோருக்கு இது இன்னும் பொருந்தும். அவர்கள் மொழியை அறிந்தவர்கள், ஊகித்துப் படிக்கும் திறன் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு.

கணினி வந்தபின் பழைய வேறுபாடுகள் புதிய உருவெடுத்தன. யூனிகோடு குறியீட்டில் பஷ்தோவின் எழுத்துகள் இடம்பெற்றபின்னும் பொதுவான விசைப்பலகை இல்லை. 2003இல் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் ஆப்கானிஸ்தானின் இடைக்கால அரசும் வெளியிட்ட, மைக்கேல் எவர்சனும் ரூஸ்பே பூர்நாதெரும் தயாரித்த ஆவணம் பஷ்தோ, தாரி, உஸ்பெக் ஆகிய மொழிகளுக்கு விசையமைப்பை வகுத்தது. அதற்கு முன்னும் பின்னும் பலர் அரபு அல்லது உருது விசைப்பலகையில் தட்டச்சு செய்ததால், சொல்லின் இடையில் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றி, குறியீட்டு எண்ணில் வேறாக இருக்கும் யேக்களும் ககரங்களும் கோப்புகளில் கலந்துவிட்டன. அதன் விளைவாக, சரியாக எழுதப்பட்ட ஒரு சொல்லைத் தேடினால் அதே சொல் இருக்கும் பக்கம் அகப்படாமற் போகிறது. அகராதித் தொகுப்பாளர்கள் முதலில் யேக்களைத் தரம்பிரித்த பின்னரே தம் வேலையைத் தொடங்கவேண்டியிருக்கிறது. கைப்பேசியில் உரோமன் எழுத்தில் பஷ்தோ எழுதும் இளைஞர்கள் இத்தொல்லையிலிருந்து தப்பிவிடுகின்றனர். ஆயின் அவர்கள் எழுதுவது அவரவர் வட்டார ஒலிப்பையே என்பதால் பெஷாவர்க்காரரின் குறுஞ்செய்தியைக் கந்தஹார்க்காரர் வாய்விட்டுப் படித்துப் பார்த்தே பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது.